பூஜை நாளில் வழி கேட்டது யார்?

இந்தக் கண்காணிப்பு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே தலை சுற்றியிருக்கும். சுற்றத்தான் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாம் கண்காணிக்கும் ஆலைகளில் உள்ள ஒவ்வொரு கணினியும் நாள் முழுக்க வழி கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு இணையதளத்துக்குப் போவதற்கு முன் அதன் பெயரைச் சொல்லி, முகவரி என்ன என்று கேட்டாக வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர். உங்கள் திரையில் மழைபோல் இறங்குபவை அந்தக் கேள்விகள். அவற்றில் எது கள்ளக் கேள்வி என்று கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

கருவிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அவை எல்லாம் மாறிவிட்டன. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு ஆயுத பூஜையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் சிரித்துக்கொண்டே ஒரு திருட்டைப் பிடித்தது அன்று மட்டும்தான்.

கள்ளக் கேள்வி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜி.என்.டி. சாலையில் பைபாஸ் பிரியும் இடத்து டீக்கடைகளில் லாரிக்காரர்கள் வழி கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோலிங் மில் எங்கே, பெயிண்ட் கம்பெனி எங்கே என்று கேட்பார்கள். ஒருவன் மட்டும் வந்து, ‘பின்கேட்டுல பூட்டு இல்ல’ என்று ஒரு கம்பெனி இருக்கிறதா என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் இல்லை என்கிறார். போய்விட்டு மறுபடி வருகிறான். ‘வாட்ச்மேன் சாப்பிடப் போயிட்டான்’ என்று ஒரு கம்பெனி இருக்கிறதா? அதுவும் இல்லை. அவனுக்குப் பதில் தேவையே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் கூட்டாளியின் காதில் கேள்வி விழுந்தால் போதும். ஆலை வாசலில் எல்லாப் பைகளையும் திறந்து பார்ப்பார்கள். வழி கேட்பவனை யாரும் சோதிப்பதில்லை. திருடர்களுக்கு டி.என்.எஸ். மேல் அவ்வளவு பிரியம் இருப்பது அதனால்தான்.

பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையிலிருந்து அப்படிப்பட்ட கேள்விகள் வந்தன. எழுத்தும் எண்ணும் குழம்பிக் கிடக்கும் நீளமான பெயர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, வால் பகுதி மட்டும் ஒன்றே; பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி அந்த வால்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும். அதற்கு அவசரமே கிடையாது. நம் அறையில் இருந்த பாஸ்கர்தான் முதலில் பார்த்தான். “சார், இது ஒண்ணு ரொம்ப மரியாதையா திருடுது” என்றான்.

அந்த வாலை நம் பக்கத்தில் அடைத்துவிட்டோம். கேள்விகள் நம் திரை வரை வந்தன, வெளியே போகவில்லை. ஆனால் கேட்பவன் உள்ளேயே இருந்தான். இந்தப் பெயரை அடைத்தது தெரிந்தால் நாளை வேறு பெயரைச் சொல்லிக் கேட்பான். ஆளைப் பிடித்தாக வேண்டும்.

முகவரியைப் பின்தொடர்ந்து போனால் அது ஆலையின் டிசைன் அறையில் போய் நின்றது. அந்த அறையில் வேலை செய்தவர் ஒரே ஒருவர், கலைச்செல்வி. பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் இளம் பொறியாளர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகப் புதிய பம்பு ஒன்றின் வரைபடங்கள் அப்போது அவர் கையில் இருந்தன. ஆலையில் திருட வேண்டும் என்றால் திருடத் தகுந்த பொருள் அதுதான்.

ஆலைக்காரர்கள் அவருடைய கணினியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கேள்விகள் நின்றன. கணினியில் ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு கணினி கொடுத்தார்கள். அன்றே கேள்விகள் திரும்ப வந்தன.

இதைக் கேட்டதும் உங்களில் பலர் மனதுக்குள் தீர்ப்பு எழுதியிருப்பீர்கள். ஆலையின் பர்சனல் மேனேஜர் தேவராஜும் எழுதிவிட்டார். பூஜை முடிந்த மறுநாள் காலையில் கலைச்செல்வி தன்னை வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். வரைபடம் திருடியவர் என்ற பெயரோடு வெளியே போனால் சிப்காட்டில் எந்தக் கேட்டும் அவருக்குத் திறக்காது. கம்பெனி பஸ்ஸில் அதற்குள்ளேயே அவருக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதை நிறுத்தியிருந்தார்கள்.

பூஜைக்கு முந்தின நாள் நான் அந்த ஆலைக்குப் போனேன். ஜி.எம். ரமணய்யாவின் அறையில் தேவராஜும் இருந்தார். ரமணய்யா ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் எதிரில் இருப்பவர் அவருக்கு நைனாதான். நான் திருவள்ளூரில் ஒரு நாளிதழின் நிருபராகவும் பிறகு செய்தி மேசையிலும் இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் என்று அவருக்குத் தெரியும். அதை வைத்து வம்புக்கு இழுப்பார்.

“வாங்க பேப்பர்காரரே. நாளைக்கி தலைப்புச் செய்தி ரெடியா?”

“இன்னும் செய்தியே கெடைக்கல சார்.”

“இன்னா நைனா கெடைக்கல? எடுத்தோம், நின்னுச்சு. குடுத்தோம், வந்துச்சு. இதுக்கு மேல இன்னா வேணும்?”

“எடுத்தது யாரு, கூட நின்னு பாத்தது யாரு?”

தேவராஜ் சலித்துக்கொண்டார். “சிஸ்டம் கான்ட்ராக்டு பசங்க எடுத்தாங்க சார். கம்ப்யூட்டர் எடுக்கறத போய் யாரு நின்னு பாப்பாங்க?”

செய்தி மேசையில் நான் கற்றது இரண்டு கேள்விகள்தான். யார் சொன்னது, யார் பார்த்தது. பார்த்தவர் இல்லாத செய்தியை உள்ளே தள்ளக் கூடாது. இந்தச் செய்தியில் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவரிடம்தான் யாரும் கேட்கவில்லை.

கலைச்செல்வி டிசைன் அறையில் மேசைமேல் ஏறி நின்று கலர் பேப்பர் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். வேலை போகப்போகிறது என்று தெரிந்தவர் அவ்வளவு அழகாகத் தோரணம் கட்டி நான் பார்த்ததில்லை.

“எதுக்கும்மா இவ்ளோ மெனக்கெடறீங்க?”

“போன வருசம் தோரணத்துக்கு ஸ்டோர்ஸ்காரங்க பிரைஸ் அடிச்சிட்டாங்க சார். இந்த வருசம் வுட மாட்டேன். போறதுதான் போறேன், கப்ப வாங்கினு போறேன்.”

“உங்க கம்ப்யூட்டர எடுத்த அன்னிக்கி என்ன நடந்துச்சு?”

“ரெண்டு பேர் வந்தாங்க. எது எந்த ஒயருன்னு தெரியல. பேஜாரா இருக்குதுன்னு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே புடுங்கி மேல வெச்சிட்டுப் போயிட்டாங்க. வைஃபைகூட இல்ல. வேற கம்ப்யூட்டர் வர வரைக்கும் அப்டியேதான் கெடந்துச்சு.”

நான் குனிந்து பார்த்தேன். மேசைக்கடியில் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் கணினி, மானிட்டர், மேசை விளக்கு, அவற்றோடு ஒரு வைஃபை பெட்டி.

இந்த வகைப் பெட்டிகளின் குணம் உங்களுக்குத் தெரியும். அதன் பின்னால் எத்தனை கருவிகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே முகவரிதான். லாட்ஜில் தங்கியிருக்கும் அத்தனை பேரும் ஒரே கதவு எண்ணைக் கொடுப்பதுபோல. நாங்கள் பின்தொடர்ந்து வந்தது கலைச்செல்வியின் கணினியை அல்ல, இந்த லாட்ஜை. ஒரு கருவியை எடுத்தார்கள், கேள்வி நின்றது என்று யாராவது சொன்னால், அதோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் நின்றன என்று கேளுங்கள். இந்தக் கதையில் பாடம் என்று ஒன்று வேண்டுமானால் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் கூத்துதான்.

பெட்டிக்குள் நுழைந்து யார் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் வேலை முடிந்துவிடும். முடியவில்லை. அதை அமைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். உள்ளே நுழையும் கடவுச்சொல்லையும் கொண்டுபோய்விட்டார். ஆனால் வைஃபையைப் பயன்படுத்தும் கடவுச்சொல் சுவரில் ஒட்டியிருந்தது. கம்பெனிப் பெயர், ஒன்று, இரண்டு, மூன்று.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

கலைச்செல்வி தோரணத்தை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். “கேன்டீன் டிவிக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் அண்ணனுங்க எல்லாருக்கும் தெரியும். தேவராஜ் சார் போன்லயும் இருக்குது. தெரியாதவங்கள கேளுங்க சார், ஈஸியா சொல்லிடறேன்.”

ரமணய்யாவிடம் திரும்பிப் போய் இதைச் சொன்னேன். தேவராஜ் விடவில்லை. “கம்ப்யூட்டர் இல்லன்னா அவங்க போனா இருக்கலாம் சார்.” அதில் நியாயம் இருந்தது. சந்தேகப்படுவது அவர் வேலை. அதை ஒழுங்காகச் செய்தார்.

அந்த நேரத்தில் வெளியே வாழைக்கன்று ஏற்றிய மினி லாரி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. வருடம் முழுவதும் ஓர் ஆலையில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அணைந்திருக்கும் நாள் ஒன்றே ஒன்றுதான். ஆயுத பூஜையன்று பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் வரை அந்தக் கருவியைத் தொட மாட்டார்கள். மின்வெட்டு வந்தாலும் ஜெனரேட்டர் ஓடும். வேலைநிறுத்தம் நடந்தாலும் அலுவலகம் ஓடும். பூஜை ஒன்றுக்குத்தான் எல்லாம் அடங்கும்.

“சார், நாளைக்கி எல்லாத்தையும் அணைச்சு மாலை போட்டுடுவீங்க. கலைச்செல்வி போன ஆஃப் பண்ணி பூஜைத் தட்டுல வெக்கட்டும். மத்தவங்களும் ஆஃப் பண்ணணும். அப்பவும் அந்தக் கேள்வி வந்துச்சுன்னா?”

ரமணய்யா தேவராஜைப் பார்த்தார். தேவராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

“சரி. சாமியே சாட்சி சொல்லட்டும். நாளைக்கி வா நைனா. நாஷ்டா இங்கதான்.”

மறுநாள் நான் போனபோது ஆலை கல்யாண வீடாக இருந்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். குழந்தைகள் அம்மா அப்பா வேலை செய்யும் இயந்திரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் சாமான் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்ற வெறியில் இருந்தது. லேத்துக்குப் பொட்டு, கிரேனுக்குப் பொட்டு, தீயணைக்கும் சிலிண்டருக்குப் பொட்டு. தேவராஜின் அறையில் ஸ்டேப்ளருக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் பொட்டு. கேன்டீன் பொறுப்பாளர் ரூத் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கிரைண்டருக்கும் டிவிக்கும் தன் கையாலேயே பூப்போட்டு, “என் கிரைண்டரு யாருக்கும் கொறஞ்சது இல்ல” என்று அறிவித்தார்.

நான் மேசைமேல் மடிக்கணினியை வைத்ததுதான் தாமதம், ரமணய்யா சந்தனக் கிண்ணத்தோடு வந்து அதன் மூடியில் ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டார்.

“சார், இதுலதான் நான் கேள்வியைப் பாக்கணும்.”

“எங்க கேட்டுக்குள்ள வந்துடுச்சுல்ல? இனிமே நாளைக்கித்தான் தொறக்கணும்.”

எனவே நம் அறையில் பணியில் இருந்த பாஸ்கரைப் போனில் கூப்பிட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் இருக்கச் சொன்னேன். என் போனில் வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று தேவராஜ் வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தார். சரியான ஆள்.

கலைச்செல்வி பட்டுப்புடவையில் வந்திருந்தார். தன் போனை அணைத்து, தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் தட்டில் வைத்தார். அவருடைய கணினி மாலைக்குள் பாதி மறைந்திருந்தது. அதன் ஒயரைத் தேவராஜ் தன் கையால் பிடுங்கினார். இந்தமுறை எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொடவில்லை. வைஃபை பெட்டிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். ஆனால் நான் கெஞ்சிக் கேட்டதால் அது மட்டும் அணையாமல் இருந்தது. சாமி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்வதாக ரமணய்யா சொல்லிவிட்டார்.

பிறகு அவர் மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் போன ஆஃப் பண்ணுங்க. சைலன்ட் இல்ல, ஆஃப். இன்னைக்கி சாமிய மட்டும்தான் பாக்கணும். செல்ஃபி எடுக்கறவனுக்கு சுண்டல் கெடையாது.”

சுண்டல் மிரட்டல் வேலை செய்தது. போன்கள் அணைந்தன. இயந்திரங்கள் அணைந்திருந்தன. அந்த ஆலையில் குருவி கத்துவதை அன்றுதான் கேட்டேன். கற்பூரம் ஏற்றினார்கள். மணி அடித்தது. கலைச்செல்வி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு என் எதிரில் நின்றார்.

கற்பூரத் தட்டு பாதிச் சுற்றில் இருக்கும்போது காதில் பாஸ்கரின் குரல் கேட்டது.

“சார், கேட்டுடுச்சு. அதே வாலு. ரொம்ப மரியாதையா கேக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமிக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற குழந்தை ஒன்று என்னைப் பார்த்துத் தானும் சிரித்தது. கலைச்செல்வி கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இப்போது அவர் தோளும் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

ஆரத்தி முடிந்ததும் ரமணய்யாவின் காதில் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். “அப்போ அந்தப் பொண்ணு இல்ல.”

“அவங்க கம்ப்யூட்டரும் இல்ல, போனும் இல்ல சார்.”

“அப்போ யாரு?”

அதுதான் தெரியவில்லை. எல்லாம் அணைந்த ஆலையில் எதுவோ ஒன்று விழித்திருக்கிறது. தேவராஜ் அவசரமாகச் சொன்னார், “யாரோ ஒருத்தன் போன ஆஃப் பண்ணாம பாக்கெட்ல வெச்சிக்கினு இருக்கான் சார். மெயின் கேட்ட மூடிட்டு எல்லாரையும் செக் பண்ணிடலாம்.” குடும்பங்களோடு வந்திருந்த அத்தனை பேரையும் பூஜை நாளில் வரிசையில் நிறுத்திச் சட்டைப் பையைத் தடவுவதை நினைத்துப் பார்த்தேன். நெருக்கடியில் முதலில் வரும் யோசனை பெரும்பாலும் மனிதர்களைச் சோதிப்பதுதான். சாமான்களைச் சோதித்து முடித்துவிட்டு மனிதர்களிடம் வாருங்கள்.

வழி சொன்னவர் கலைச்செல்வி. கையில் இன்னும் சந்தனக் கிண்ணம் இருந்தது.

“சார், ஒவ்வொரு செக்ஷனும் அவங்கவங்க சாமானுக்குப் பொட்டு வெச்சாச்சு. ஒண்ணு வுட்டுப்போனாலும் சண்டைக்கு வருவாங்க. அப்போ பொட்டு இல்லாத சாமான் ஏதாச்சும் இருந்தா அது யாருதும் கெடையாது. யாருதும் இல்லாதத யாரு ஆஃப் பண்ணியிருப்பாங்க?”

ரமணய்யா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டுவதற்குள் அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வைஃபை எட்டுகிற இடம் அதிகமில்லை. டிசைன் அறை, பக்கத்தில் தரப் பரிசோதனை அறை, சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீன். நாங்கள் நால்வரும் பொட்டு தேடிப் போனோம். பொரியும் கையுமாகக் குழந்தைகள் எங்கள் பின்னால் வந்தன. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டன. “இதுக்கு இருக்குது, இதுக்கு இருக்குது” என்று கத்திக்கொண்டே வந்தன. கால்குலேட்டருக்கு இருந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு இருந்தது. கேன்டீனில் கரண்டிக்குக்கூட இருந்தது. “எங்கிட்டயே செக்கிங்கா?” என்று ரூத் இடுப்பில் கை வைத்தார்.

தரப் பரிசோதனை அறையில், ஏ.சி.க்குப் பக்கத்தில், தலைக்கு மேலே, உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பொட்டு இல்லை.

“இது யாருது?” என்றார் ரமணய்யா.

பரிசோதனைப் பிரிவுக்காரர் ஏ.சி.யோடு வந்தது என்றார். பராமரிப்புப் பிரிவைக் கூப்பிட்டோம். ஏ.சி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இது லேபு சாமான் என்றார்கள். தேவராஜ் கேமராவாக இருக்கும் என்றார். தினமும் அதற்குக் கீழேதான் அத்தனை பேரும் வேலை செய்தார்கள்.

ரமணய்யா மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் வைத்திருந்த குங்குமத்தைக் கையால் துடைத்து இழுவிவிட்டார்.

“நான்தான் நைனா. ரூம் சூட்ட போன்லயே பாக்கலாம்னு ஒருத்தன் வந்தான். டிரையல் போடுன்னேன். வைஃபை பாஸ்வேர்டும் நான்தான் குடுத்தேன். அப்புறம் அவன் வரவே இல்ல. நானும் மறந்துட்டேன்.”

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கலைச்செல்வி மட்டும் பார்த்தார்.

தேவராஜ் கையை நீட்டிப் பிடுங்கப் போனார். நான் தடுத்தேன். பிடுங்கினால் கேள்வி நிற்கும். பிடுங்கியதால் நின்றதை வைத்துத்தானே முதலில் ஒருவரைத் திருடியாக்கினோம். மேலும் மின்சாரம் போனால் பெட்டியின் நினைவில் இருப்பதும் போய்விடும். வைஃபை அலை வெளியே வராதபடி அதன் வாயை மட்டும் மூட வேண்டும்.

“ரூத்தக்கா, புளியோதரை கட்ற ஃபாயில் இருக்குதா?” என்றார் கலைச்செல்வி.

ரூத் பெரிய சுருளோடு வந்தார். கலைச்செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைமேல் ஏறி, ஒயர் மட்டும் வெளியே தெரிய, பெட்டியை அலுமினியத் தாளில் அடுக்கடுக்காகச் சுற்றினார். கீழே இருந்து யாரோ, “இன்னாம்மா, சாமானுக்கும் பார்சலா?” என்றார்கள்.

காத்திருந்தோம். கேள்வி வர வேண்டிய நேரம் வந்தது. பாஸ்கர், “ஒண்ணும் இல்ல சார்” என்றான். இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. கலைச்செல்வி தாளைப் பிரித்தார். பாஸ்கர் குரல் கொடுத்தான். “கேட்டுடுச்சு சார்.”

தேவராஜ் மறுபடி சுற்றச் சொன்னார். சுற்றினார், நின்றது. மறுபடி பிரித்தார், வந்தது. இன்னொரு முறை பார்க்கலாம் என்று தேவராஜ் சொன்னபோது ரூத் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டார். “சாரு, ஆளுக்கு ஒரு பொட்டணம் கட்டணும். உங்க டவுட்டுக்கே ஃபாயில் தீந்துடும் போலக்குது.” அந்த அறை முழுவதும் சிரித்தது. தேவராஜும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் வழக்கு முடிந்தது.

கடைசியாக ஒருமுறை சுற்றி, அப்படியே ஓடவிட்டு, அந்த அறையைப் பூட்டினோம். மறுநாள் நம் ஆட்கள் போய் முறைப்படி எடுத்து வந்தார்கள். மலிவான பெட்டி. வந்த நாளிலிருந்து அதன் மென்பொருளை யாரும் புதுப்பிக்கவில்லை. வெளியே இருந்த எவனோ ஒருவன் அதைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே என்னென்ன கணினிகள் இருக்கின்றன, எந்தெந்தக் கோப்புறைகள் இருக்கின்றன என்று அதை மெல்ல எட்டிப் பார்க்க வைத்திருந்தான். கேள்விகளுக்குள் இருந்தவை அந்தப் பெயர்கள். வரைபடங்களின் பெயர்கள் வரை வந்திருந்தான். வரைபடங்களைத் தொடவில்லை. பெட்டியை மாட்டியவருக்கு இது தெரியுமா என்று கடைசி வரை எங்களால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததை நான் அறிக்கையில் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

அன்றைக்கு இதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. பூசணிக்காய் உடைக்கும் நேரம் ஆகிவிட்டது என்று எல்லாரையும் கேட்டுக்கு விரட்டினார்கள். உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு மூடிய பெரிய பூசணிக்காய். அந்த ஆலையில் அதை உடைப்பது எப்போதும் ஜி.எம்.தான். ரமணய்யா அதை இரண்டு கையாலும் ஏந்தி, ஆலைக்குச் சுற்றிக் காட்டி, வாசலுக்கு வந்தார். அங்கே நின்று திரும்பி, கூட்டத்தின் பின்வரிசையைத் தேடினார்.

“கலைம்மா, இங்க வா.”

கூட்டம் வழிவிட்டது. அவர் பூசணிக்காயை நீட்டினார். கலைச்செல்வி வாங்கவில்லை. தேவராஜ் பக்கத்தில் வந்து, “வாங்கிக்கோம்மா” என்றார். வாங்கினார். கனம் தாங்காமல் ஒருமுறை தள்ளாடி, நிமிர்ந்து, தலைக்கு மேலே தூக்கினார். குழந்தைகள் சில்லறைக்குத் தயாராகக் குனிந்தன.

தூக்கியவர் போடவில்லை. காயை அப்படியே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“சார், நாளைக்கி எனக்கு எந்த ஷிப்டு?”

ரமணய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

“ஜெனரல் ஷிப்டும்மா. எப்பவும் உள்ளதுதான். போடு தாயி, வெயிலு கொளுத்துது.”

போட்டார். நான் அவ்வளவு பெரிய சத்தத்தோடு பூசணிக்காய் உடைந்து கேட்டதில்லை. குழந்தைகள் சில்லறைமேல் பாய்ந்தன. குங்குமத்தில் பாதி, தேவராஜின் வெள்ளை வேட்டியில் இருந்தது. அவர் அதைத் துடைக்காமல், ஸ்டோர்ஸ் பிரிவுக்காரர்களைப் பார்த்து, “தோரணம் பிரைஸ் இந்த வருசம் டிசைனுக்கு” என்று அறிவித்தார். ஸ்டோர்ஸ்காரர்கள் அங்கேயே சண்டைக்கு நின்றார்கள்.